நேர்சிங் ஹோமுக்குப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒருவரை நேர்சிங் ஹோமில், அதாவது இரவு பகலாகப் பராமரிக்கிற இல்லத்தில், சேர்க்க முதலில் வேண்டியது அவருடைய சம்மதம். அவரால் முடிவெடுக்க முடிகிற வரை பிள்ளைகளின் சம்மதமோ குடும்ப டொக்டரின் கடிதமோ அந்த இடத்துக்கு வர முடியாது. தன் நிலைமை என்ன, போனால் என்ன ஆகும், போகாவிட்டால் என்ன ஆகும் என்று விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் 'மாட்டேன்' என்று சொன்னால், அவருக்குத் தொண்ணூறு வயதானாலும் அது மாட்டேன்தான். 1996ஆம் ஆண்டு வந்த சம்மதச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் 2022இல் ஒரு மாற்றம் வந்தது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குள் இந்த விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. அண்ணனும் தங்கச்சியும் பேஸ்மென்ரில் இருந்து மெல்லிய குரலில் கதைப்பார்கள். மேலே அம்மா ரீவிக்கு முன்னால் இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி போனில் வந்து 'அம்மாவை அங்க விடவே கூடாது' என்பார். அயலுக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவார்கள் என்ற கவலை வேறு. எல்லாருடைய வாயிலும் அம்மாதான் இருப்பார், அம்மாவிடம் மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தோம். அது எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று பிறகுதான் முழுதாக விளங்கியது. இன்று அதே கட்டத்தில் நிற்கும் குடும்பங்கள் ரொறன்ரோப் பக்கத்தில் ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற இடங்களில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எண்பத்திமூன்று வயது. பருத்தித்துறைப் பக்கத்து மனுசி. பார்க்கின்சன் வந்து சில வருடங்களாகிவிட்டன. புத்தி நல்ல தெளிவு, உடம்புதான் சொல்வழி கேட்பதில்லை. காலையில் பிஎஸ்டபிள்யூ என்கிற பராமரிப்பு உதவியாளர் வந்து உதவிவிட்டுப் போவார். இரவில்தான் சிக்கல். கட்டிலில் இருந்து கழிவறைக்குப் போக என் ஒருத்தியின் கை போதாமல் வந்தது. ஒருநாள் நானும் அம்மாவுமாகச் சேர்ந்து விழுந்தோம். அதற்கு அடுத்த கிழமை குசினி மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவாகவே கதையை எடுத்தார்.

"என்னை எங்கயோ விடுறதைப் பற்றித்தானே நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறியள்?"

"ஓம் அம்மா. உங்களோட கதைக்க வேணும் எண்டுதான் இருந்தனாங்கள்."

"அப்ப என்னட்டக் கேளுங்கோவன். போறது நான்தானே."

அன்றைக்கே கேட்டோம். அம்மா சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் அவருடைய சொற்களிலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமை தலை முழுக வேணும். குளிக்க வார்க்கிறது பொம்பிளையாய் இருக்க வேணும். இராத்திரியில் ஒராளாவது தமிழ் கதைக்க வேணும். மாட்டிறைச்சி தொட்ட கரண்டி தன் கோப்பைக்குள் வரக்கூடாது. யன்னல் வேணும். முருகன் படம் வைக்க இடம் வேணும். பேரப்பிள்ளைகள் பஸ்சில் வரக்கூடிய தூரமாய் இருக்க வேணும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "இதில எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க ஏலாது?" அம்மா நன்றாக யோசித்தார். யன்னலை விட்டுக்கொடுத்தார். பஸ் தூரத்தையும் விட்டுக்கொடுத்தார். இராத்திரித் தமிழைக் கடைசிவரை விடவில்லை. "இருட்டில நோகேக்க எனக்கு இங்கிலீசு வராது பிள்ளை" என்றார். அண்ணாவும் நானும் அதுவரை புதுக் கட்டடம், தனி அறை, தோட்டம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எங்கள் தேடல் முழுவதும் திசை மாறியது. இதைச் செய்யப்போகிறவர்கள் விருப்பங்களைக் கேட்பதோடு நிறுத்தாமல் எது முதலாவது, எது கடைசி என்றும் கேளுங்கள். எல்லாம் கிடைக்கிற இடம் எங்கேயும் இல்லை, விட்டுக்கொடுக்கிற உரிமையும் அவருடையதாகவே இருக்கட்டும்.

விண்ணப்பம் ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்ற அமைப்பின் ஊடாகத்தான் போகும். 2024 ஜூனில் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்பு வேறு பெயர், ஆனால் வேலை அதேதான். நேரே ஒரு நேர்சிங் ஹோமுக்குப் போய் இடம் கேட்க முடியாது. ரிரயர்மென்ற் ஹோம் என்பது வேறு சட்டத்தின் கீழ் வருகிற, முழுக் காசையும் நாங்களே கட்டுகிற தனியார் இடம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செலவுக்குப் பயந்து விண்ணப்பிக்காமலே இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அம்மாவைப் பார்க்க ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமில் இருந்து, இடம் ஒழுங்கு செய்கிற ஒரு கோ-ஓர்டினேற்றர் வீட்டுக்கு வந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். 'மகள் இருக்கிறாதானே' என்று சொல்லி விடாதீர்கள். பிள்ளை மொழிபெயர்த்தால் தாய் தன் பயத்தை முழுதாகச் சொல்லமாட்டார், பிள்ளையும் கேட்டதை முழுதாகச் சொல்லாது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஐந்து கேள்விகள் கேட்பார்கள். இப்போது உங்களுக்கு என்ன பிரச்சினை? நேர்சிங் ஹோமுக்குப் போவது அதற்கு எப்படி உதவும்? அதைச் சமாளிக்க வேறு வழி ஏதாவது இருக்கிறதா? போகாவிட்டால் என்ன நடக்கலாம்? போனால் என்ன நடக்கலாம்?

முதல் கேள்வி கேட்டவுடனேயே அண்ணா பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண்மணி மரியாதையாகக் கையைக் காட்டி நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பவும் கேட்டார். அம்மாவின் கை நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. நாலாவது கேள்விக்கு, "போகாட்டில் நான் இன்னொருக்கா விழுவன். விழேக்க இவளையும் சேர்த்து விழுத்துவன்" என்றார். ஐந்தாவதுக்கு, "போனால் பாதுகாப்பாய் இருப்பன். ஆனால் வீட்டுக் கதவை நானாய்த் திறக்கிறது முடிஞ்சுபோம்." மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் பேசவில்லை.

இந்தக் கேள்விகள் மறதி இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை இல்லை. இன்றைக்கு என்ன திகதி என்று தெரியாத ஒருவருக்கும் தன் வாழ்க்கையைப் பற்றிய இந்த முடிவு விளங்கக்கூடும். திறன் இருக்கிறது என்றுதான் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். 'திறன் இல்லை' என்று முடிவு வந்தாலும் அந்த முதியவர், இப்படியான முடிவுகளைத் திரும்ப விசாரிக்கிற சம்மத, திறன் சபைக்கு மனுப் போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஏழு நாட்களுக்குள் விசாரணைக்கு நாள் தருவார்கள்.

இந்த இடத்தில் பவர் ஒஃப் அற்றோர்னி, அதாவது தனக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் காணிக்கும் பாங்கிக்கும் எழுதி வைப்பார்கள். உடல் பராமரிப்புக்கான பத்திரம் வேறு, அதை எழுத மறந்துவிடுவார்கள். அம்மா தெளிவாக இருக்கும்போதே என் பெயரிலும் அண்ணா பெயரிலும் எழுதினார், இருவருக்கும் ஒத்துவராவிட்டால் யார் சொல்வது முடிவு என்பதையும் சேர்த்தே எழுதினார். இப்படி ஒரு பத்திரம் இல்லாமல் ஒருவர் முடிவெடுக்கும் நிலையை இழந்தால், துணை இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் எல்லோரும் சம உரிமை உள்ளவர்களாகிவிடுவார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் ஒத்துவராமல் சண்டை பிடித்தால் அரசாங்கத்தின் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் முடிவெடுக்கும். அப்படி நடக்குமென்று தெரிந்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தம்பியும் எங்களோடு சூமில் இருந்து கதைத்து ஒத்துவந்தார். பத்திரம் எழுதியதாலேயே அதிகாரம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடாது. அம்மாவால் முடிவெடுக்க முடிகிற வரை அது பெட்டிக்குள் கிடக்கிற கடுதாசிதான்.

வீட்டில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். நெருக்கடி நிலை என்று வகைப்படுத்தப்பட்டால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடலாம். ஒன்ராறியோ முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் வரிசை ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. நல்ல பெயர் எடுத்த இடங்களுக்கு வருடக்கணக்கில் ஆகும். ஆகவே ஐந்தையும் கனவு இடங்களாகவே போட்டுவிடக் கூடாது. அவற்றுள் ஒன்றிரண்டாவது வரிசை குறைவாக இருந்து, அம்மாவின் விட்டுக்கொடுக்க முடியாத தேவையையும் நிறைவேற்ற வேண்டும். பிடிக்காத ஒரு இடத்தை 'கிடந்துவிட்டுப் போகட்டும்' என்று பட்டியலில் சேர்க்கவும் கூடாது. அங்கேதான் முதலில் இடம் வரும்.

ஒரு சமூகத்துக்கென்றே நடக்கும் இல்லங்களுக்கு விண்ணப்பிக்கும் அந்த மொழிக்காரருக்கும் மதத்தவருக்கும் வரிசையில் தனிப் பிரிவு இருக்கிறது. கணவன் மனைவியை ஒரே இல்லத்தில் சேர்ப்பதற்கும் முன்னுரிமை உண்டு. சீன மக்கள் 1994இலேயே ஸ்காபுரோவில் யீ ஹொங் என்ற தங்கள் முதியோர் இல்லத்தைத் திறந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு மேலும் இல்லங்களைக் கட்டினார்கள். அங்கே வயது போனவர்கள் தங்கள் சாப்பாட்டையும் மொழியையும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார்கள். கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் காசு சேர்க்கத் தெரிந்த எங்கள் சமூகம் இதற்கும் சேர்க்க வேண்டும். இதை நான் கூட்டங்களில் சொல்லி வருகிறேன், இனியும் சொல்லுவேன்.

இல்லங்களைப் பார்க்கப் போனபோது அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டே போனோம். போக முடியாத இடங்களுக்கு வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினோம். போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். காலை பதினொரு மணிக்கு எந்த இடமும் வடிவாகத்தான் இருக்கும். பின்னேரம் ஐந்தரைக்கு, ஆட்கள் குறைந்து, மேசைக்கு மேசை சாப்பாடு ஊட்டுகிற நேரத்தில்தான் அந்த இடத்தின் உண்மை தெரியும். ஊட்டுகிறவர் பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்து ஊட்டுகிறாரா, நின்றபடி அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு ஊட்டுகிறாரா என்று கவனியுங்கள். கூப்பிடு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். அமைச்சின் பரிசோதனை அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன, இல்லத்தின் பெயரைப் போட்டுத் தேடி வாசிக்கலாம். ஒரு குறையும் இல்லாத அறிக்கையை எதிர்பார்க்காதீர்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் முக்கியம். 2020இல் கொரோனா நேரத்தில் இராணுவம் சில நேர்சிங் ஹோம்களுக்குள்ளே போய், அங்கிருந்த கவனிப்பின்மையைப் பார்த்து எழுதிய அறிக்கையை வாசித்தவர்களுக்கு நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று தெரியும்.

அம்மா தானாக ஒரு கேள்வி கேட்டார். இரவு வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் தமிழ், அவர்கள் நிரந்தரமா, ஏஜென்சியால் வருகிறவர்களா? ஒரு இடத்தில் பகலில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர், இரவில் ஒருவரும் இல்லை. அம்மா அந்த இடத்தைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னார். தோட்டமும் நீரூற்றும் இருந்த இடம் அது. எடுத்துவிட்டோம்.

காசைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள் தேவையில்லாத பயம் ஒன்று உண்டு, வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. இலாபத்துக்கு நடத்துகிற இடமோ இல்லாததோ, தங்குமிடக் கட்டணத்தின் உச்ச அளவை மாகாணம்தான் தீர்மானிக்கிறது. 2024 ஜூலையில் அடிப்படை அறைக்கு மாதம் 2,036 டாலர் 40 சதம், தனி அறைக்கு 2,909 டாலர் 36 சதம் என்று இருந்தது. வழக்கமாக ஒவ்வொரு ஜூலையிலும் கூடும். வருமானம் குறைந்தவர்கள் அடிப்படை அறைக்குக் கட்டணக் குறைப்புக் கேட்கலாம். அதற்கு வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், வீடும் சேமிப்பும் கணக்கில் வராது. ஆனால் வருமான வரி ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தனி அறைக்கு அந்தக் குறைப்புக் கிடையாது. தனி அறையா பகிரும் அறையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நாங்கள் தனி அறைக்குக் காசு போடத் தயாராக இருந்தோம். அம்மாவோ பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தமாவது கேட்க வேண்டும் என்று பகிரும் அறையைக் கேட்டார்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, குறுகிய காலத் தங்கல். ஒரே தடவையில் 60 நாட்கள் வரை, வருடத்தில் மொத்தம் 90 நாட்கள் வரை ஒரு நேர்சிங் ஹோமில் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் போகிறவருக்கு அது ஒரு ஒத்திகையாகவும் உதவுகிறது. அம்மா இரண்டு கிழமை அப்படிப் போய் இருந்து பார்த்தார். திரும்பி வந்து கொப்பியை எடுத்து வரச் சொன்னார். 'கரண்டி' என்றதை வெட்டினார். அங்கே சாப்பாடு தட்டில் போட்டுத்தான் வருகிறது, அது தனக்குச் சரி என்றார். 'பின்னேரம் ஒரு மணித்தியாலம் படுக்க விட வேணும்' என்று புதிதாகச் சேர்த்தார். காலை எட்டரைக்கு நாற்காலியில் இருத்தினால் இரவு வரை இருத்தியே வைத்திருந்தார்களாம், முதுகு நொந்துபோயிற்றாம். போய் இருந்து பார்க்காமல் இதை ஒருவரும் யோசித்திருக்க முடியாது.

இனி, ஆஸ்பத்திரிக் கதை. எங்கள் தெருவில் ஒரு ஐயா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு முன்பு அவர்கள் எந்த இல்லத்துக்கும் விண்ணப்பித்திருக்கவில்லை. சிகிச்சை முடிந்தது, வீட்டுக்கு அனுப்ப முடியாத நிலை. ஆஸ்பத்திரிச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று டொக்டர் முடிவு செய்த நோயாளிகளை ஏஎல்சி என்பார்கள். 2022 செப்டெம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஏஎல்சி நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுப் பார்த்து அது கிடைக்காவிட்டால், சம்மதம் இல்லாமலே கோ-ஓர்டினேற்றர் அவருக்கு இல்லங்களைத் தெரிவு செய்யலாம், அவருடைய விபரங்களை அனுப்பலாம், அனுமதியும் கொடுக்கலாம். தென் ஒன்ராறியோவில் அவர் விரும்பும் இடத்திலிருந்து 70 கிலோமீற்றருக்குள், வடக்கில் 150 கிலோமீற்றருக்குள், வடக்கில் இடமில்லாவிட்டால் அதற்கும் அப்பால். இடம் கிடைத்து, டிஸ்சார்ஜ் செய்த பிறகும் போகாமல் இருந்தால் நாளொன்றுக்கு 400 டாலர் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் 2022 நவம்பர் 20இல் தொடங்கியது. இது அடிப்படை உரிமைகளுக்கு எதிரானது என்று போட்ட வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஐயா நகரத்துக்கு வெளியே ஒரு இல்லத்துக்குப் போனார். அவருடைய மனுசிக்குக் கார் ஓடத் தெரியாது, மகன் சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போகிறார். கிழமையில் மற்ற நாட்களில் ஐயா தமிழில் ஒரு சொல் பேச ஆளில்லை. எமர்ஜென்சி கொரிடோரில் அம்மாவே ஒரு இரவு முழுக்க ஸ்ரெச்சரில் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் கட்டில் தட்டுப்பாடு எவ்வளவு கொடுமை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கிற சுமையைப் பேசப் பலமில்லாத ஒரு வயோதிபரின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதமில்லாமல் ஆளைக் கட்டியோ தூக்கியோ இடம் மாற்ற அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. முதலில் உங்கள் விருப்பப் பட்டியலைக் கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. வேறு இல்லத்துக்குப் போனாலும் விரும்பிய இல்லங்களின் வரிசையில் பெயர் தொடர்ந்து இருக்கும், 'அந்தப் பெயரை எடுத்துவிடாதீர்கள்' என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் முதியோருக்கான சட்ட உதவி நிலையம் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. ஆஸ்பத்திரி பற்றியும் நேர்சிங் ஹோம் பற்றியும் முறைப்பாடு இருந்தால் நோயாளர் குறைகேள் அலுவலகத்துக்கு எழுதலாம். எல்லாவற்றையும் விட, விழுவதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். வீட்டில் இருந்து விண்ணப்பிப்பவருக்கு அவர் சொல்லாத இடத்தை ஒருவரும் திணிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு அந்தப் பலம் பாதியாகிவிடும்.

ஆனால் வரிசையில் பெயர் போட்டவர்கள் அவசரத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். இடம் இருக்கிறது என்று போன் வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், ஐந்து நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்றால் எல்லா வரிசைகளில் இருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள். உடல்நிலையில் பெரிய மாற்றம் வந்தாலன்றி 12 கிழமைக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. எங்களுக்கு 2024 இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது, பட்டியலில் மூன்றாவதாக இருந்த இல்லம். நான் வேலையில் இருந்து வந்து அம்மாவுக்குச் சொன்னேன். இரவு அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை இன்னும் இருக்கிறாவா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன், இருந்தார். "அப்ப சரி" என்றார். அன்றிரவு நன்றாக அழுதார், நானும் அழுதேன். தான் எடுத்த முடிவு என்றாலும் அழுகை வராமல் போகாது. அதை அடக்கச் சொல்லாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததோடு தெரிவுகள் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நேர்சிங் ஹோம்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லத்தில் இருப்பவரின் உரிமைகள் என்று 29 எழுதியிருக்கிறார்கள். குளிப்பைப் பற்றிய விதி எனக்கு மிகவும் பிடித்தது. கிழமைக்குக் குறைந்தது இரண்டு தடவை, அவர் விரும்பும் முறையில். தொட்டியா, ஷவரா, ஈரத் துணியால் துடைப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இல்லத்தில் அம்மாவுக்குத் திங்களும் வியாழனும் தொட்டிக் குளிப்பு என்று போட்டிருந்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமை ஷவர், அதில் தலை முழுக்கு, நல்லெண்ணெய் வைக்க அரை மணித்தியாலம் என்று கேட்டார். நேர்ஸ் அட்டவணையைப் பார்த்தார், இன்னொருவரின் நாளோடு மாற்றினார். பெண் பிஎஸ்டபிள்யூதான் குளிக்க வார்க்க வேண்டும் என்பதையும் பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொன்னோம். வாயால் சொன்னது ஷிஃப்ற் மாறினால் காணாமல் போகும், எழுதினது நிற்கும். எந்த நேரம் படுப்பது, எந்த நேரம் எழும்புவது என்பதையும் அப்படியே எழுதலாம். விளக்குக் கொளுத்த முடியாது, தீ ஆபத்து. முருகனுக்கு முன்னால் பற்றரி விளக்கு ஒன்று எரிகிறது. சாம்பிராணி இல்லை என்பதுதான் அம்மாவுக்குக் குறை.

சேர்ந்து ஆறு கிழமைக்குள் பராமரிப்புக் கூட்டம் ஒன்று வைக்க வேண்டும். டொக்டர், நேர்ஸ், சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர் எல்லோரும் வருவார்கள். பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டால் போகாதீர்கள், அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அம்மா அந்தக் கூட்டத்துக்குக் கொப்பியோடு போனார். பின்னேரப் படுக்கை அங்கேதான் கிடைத்தது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பிடிக்கவில்லை என்றும் சொன்னார். அடுத்த நாளில் இருந்து பிலிப்பீன்ஸ்காரப் பிள்ளையும் ஜமெய்க்காக்காரப் பிள்ளையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாப்பாட்டில் முழு வெற்றி இல்லை. புட்டும் சொதியும் அங்கே வராது. உணவுப் பட்டியலை அங்கிருப்பவர்களின் மன்றம் பார்த்துக் கருத்துச் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை கூட்டத்துக்குப் போய்ச் சோறும் பருப்பும் கேட்டார். கிழமையில் ஒருநாள் வருகிறது, உறைப்பில்லை. மிச்சத்தை நாங்கள் கொண்டுபோகிறோம். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு என்ன பதத்தில் கொடுக்கலாம் என்று நேர்சிடம் கேட்காமல் வீட்டுச் சாப்பாட்டை ஊட்டாதீர்கள். அது உயிர் விஷயம்.

உள்ளே போனால் வெளியே வர முடியாது என்ற எண்ணமும் தவறு. கிழமைக்கு 48 மணித்தியாலம் வரை வீட்டுக்கு வந்து போகலாம், அது தவிர வருடத்துக்கு 21 நாள் விடுமுறையும் உண்டு. கட்டணம் அந்த நாட்களுக்கும் ஓடும், ஆனால் கட்டில் பறிபோகாது. தைப்பொங்கலுக்கும் பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கும் அம்மா வீட்டில்தான் இருந்தார். எந்த அழைப்புக்குப் போவது, எதற்குப் போகாமல் விடுவது என்பதையும் அவரே சொல்கிறார். ஒரு கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றார், உடம்பு ஏலாது என்று. அதையும் விட்டுவிட்டோம்.

அம்மாவின் முதல் தெரிவாக இருந்த இல்லத்தின் வரிசையில் பெயர் அப்படியே இருந்தது. இந்த வருடம் கோ-ஓர்டினேற்றர் விபரம் சரிபார்க்க எடுத்தபோது, போனை அம்மாவின் காதில் வைத்தேன். அது எங்கள் வீட்டுக்குக் கிட்ட, எனக்கு மிகவும் வசதியான இடம். அம்மா பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வல்வெட்டித்துறை ஆச்சியைப் பார்த்துவிட்டு, பெயரை எடுக்கச் சொன்னார். மறுநாள் அதை மின்னஞ்சலிலும் உறுதிப்படுத்தினேன், அம்மா சொன்னபடியே.